உடையார்கட்டு வளைவில் நாலாவது தகரம்

பழனியாண்டி விளம்பரங்களை நம்பியதில்லை. அதனால்தான் ஒன்றையும் விடாமல் வாசித்தார். நம்புகிறவனுக்கு ஒரு தரம் வாசித்தால் போதும். பிறகு தன்பாட்டில் போய்விடுவான். நம்பாதவனுக்குத்தான், நேற்றுச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறார்களா, இல்லை இரவோடு இரவாக மாற்றிவிட்டார்களா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டியிருக்கிறது. புதுக்குடியிருப்புக்கும் விசுவமடுவுக்கும் இடையில் மினிபஸ் ஓட்டிய ஒரு மனிதருக்கு இது தோதான பழக்கமா என்று 1999 ஆவணி வரை யாரும் கேட்கவில்லை.

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்து விரட்டப்பட்டு, மனைவி சுப்பம்மாவோடு வவுனியாவில் வந்து இறங்கியபோது, யாரோ ஒரு தரகர் நட்டிருந்த பலகை அவரை வரவேற்றது: ‘காணி உண்டு. தண்ணீர் வசதி உண்டு.’ காணி தர்மபுரத்தில் இருந்தது. தண்ணீரும் இருந்தது. மாரியில் அது வீட்டுக்குள் வந்து கட்டிலின் காலைத் தொட்டது. கோடையில் கிணற்றுக்குள்கூட வரவில்லை. பலகை பொய் சொல்லவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்வார். அவருக்குப் பொறுக்காமல் போனதும் அதுதான். பொய் என்றால் ஒருநாள் பிடிபடும். இப்படிச் சொல்லப்பட்ட உண்மையை என்ன செய்வது?

அதன் பிறகு உழவு இயந்திரம் பழகினார், லொறி பழகினார், கடைசியில் விசுவமடு தில்லைநாதனின் மினிபஸ்ஸுக்குச் சாரதியானார். வழி நெடுக வாசித்துக்கொண்டே ஓட்டினார். ‘சோதனையில் சித்தி நிச்சயம்’ என்ற டியூட்டறிப் பலகையைக் கண்டால், “அப்ப பெயிலானவனெல்லாம் எங்க படிச்சான்?” என்பார். முன்னால் போகும் லொறியின் பின்பலகையில் ‘முருகன் துணை’ என்று கண்டால், “அப்புறம் பிரேக்கு எதுக்கு?” என்பார். அந்த லொறியில் பிரேக் இருந்ததா என்பது வேறு விடயம்.

அந்த நாட்களில் வன்னியில் வாகனம் ஓட்டுவதற்கு மூன்று பேருடைய கண்கள் தேவைப்பட்டன. மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து ஓடிய பஸ், போகும் வழியெல்லாம் வடை சுடும் வாசம் பரப்பியது. அதன் கூரையில் சேறு பூசி, பாலைமரக் கொப்பு கட்டியிருந்தார்கள், குண்டு போட வரும் கிபிர் விமானத்தின் கண்ணில் படாமல் இருக்க. தில்லைநாதன் வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார். றோட்டைப் பழனியாண்டி பார்க்க வேண்டும். வானத்தை, மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகும் நடத்துநர் பாலன் பார்க்க வேண்டும். விமானம் தெரிந்தால் பாலன் பஸ்ஸின் தகட்டில் இரண்டு தரம் அடிப்பார். அடி கேட்டால் சாரதி எதுவும் கேட்கக்கூடாது. கிட்ட உள்ள மரத்தின் கீழே வண்டியை விடவேண்டும். மூன்றாவது சோடிக் கண், காசு கணக்கைப் பார்க்கும் தில்லைநாதனுடையது. மரங்களை யார் பார்ப்பது என்று மட்டும் யாருக்கும் சொல்லப்படவில்லை.

அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவர் விமலேஸ்வரி.

யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து உடையார்கட்டில் கொட்டில் போட்டிருந்த அவர், சவர்க்காரம் தட்டுப்பாடான காலத்தில் சவர்க்காரம் காய்ச்சினார். தென்னை மட்டைச் சாம்பலில் காரம் இறக்கி, எண்ணெயோடு கிண்டி, களிபோல வந்ததைச் சிரட்டைகளில் ஊற்றி விற்றார். நுரைத்தது. அதைவிட ஒரு சவர்க்காரத்திடம் அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் விற்பதற்கு ஊர் அறிய வேண்டும். ஊர் அறிய விளம்பரம் வேண்டும். விளம்பரத்தில்தான் சிக்கல். பளபளவென்று தகரம் வைத்தால் மேலே பறக்கிறவனுக்குத் தெரியும் என்று அயலவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆகவே மேலே இருப்பவனுக்குத் தெரியாமலும் கீழே போகிறவனுக்குத் தெரியும்படியும் ஒரு விளம்பரம் எழுத வேண்டிய நிலைமை அவருக்கு. தகரத்துக்கு இலைப்பச்சை பூசினார். எழுத்தைக் கரும்பச்சையில் எழுதினார். நிழலில் அடித்தார். யாரும் கழற்றிக்கொண்டு போகாதபடி உயரத்தில் அடித்தார். மொத்தத்தில், உற்றுப் பார்க்காமல் வாசிக்க முடியாத ஒரு விளம்பரத்தை வன்னியின் ஒரு பிரதான வீதியில் நிறுவினார்.

அது ஒரே தகரமும் அல்ல. கம்பி போய் மொட்டையாக நின்ற தந்திக் கம்பங்களில் வரிசையாக மூன்று. முதலாவதில் ‘அழுக்குப் போகும்’. இரண்டாவதில் ‘ஆனால்’. மூன்றாவதில் ‘போகாதது எது?’ விடை, வளைவில் நின்ற பாலைமரத்தின் கொப்புக்குக் கீழே, நாலாவது தகரத்தில். அதை மட்டும் அவர் அடிக்கடி மாற்றினார்.

முதல் விடை ‘தோல்’ என்று வந்தது. பழனியாண்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

“தோல் போகாதுன்னு சொல்ல வேண்டிய தேவை என்ன, பாலன்? யாருக்கோ போயிருக்கு. அதான் சொல்றாங்க.”

“உங்களுக்கு எல்லாம் சந்தேகம் அண்ணை. என்ரை மனிசி உதிலைதான் தோய்க்கிறவ.”

“கைய நல்லாப் பாத்தியா?”

அடுத்த தகரம் ‘நிறம்’ என்றது. தோலைப் பற்றிச் சொன்னவள் ஏன் திடீரென்று நிறத்துக்குத் தாவினாள் என்று பழனியாண்டி இரண்டு நாள் யோசித்தார். பிறகு ‘மணம்’ வந்தது. தோலைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது அவருக்கு உறுதியாயிற்று. சவர்க்காரத்தை அவர் ஒருநாளும் வாங்கவில்லை. ஆனால் வன்னியில் அந்த விளம்பரத்தை அவரளவுக்குக் கவனமாக வாசித்த வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம், நாலாவது தகரம் மறுபடி மாறியிருந்தது. இந்த முறை எழுத்து சிறியது. பஸ் நிறைந்த சனம். முன் இருக்கையில், மடியில் கோழிக் கூடையுடன், சந்தைக்குப் போய்வரும் மீனம்மா. பழனியாண்டி வேகத்தைக் குறைத்து, கழுத்தை முன்னே நீட்டி, கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார்.

“என்ன தம்பி?” என்றார் மீனம்மா.

வாசித்து முடியட்டும், பொறுங்கள் என்பதற்காகப் பழனியாண்டி ஒரு கையை உயர்த்தினார்.

சாரதி மேலே பார்க்கிறார், கையையும் தூக்குகிறார். வேறு எந்த நாட்டிலும் இதற்கு வேறு அர்த்தம் இருந்திருக்கலாம். மீனம்மா “ஐயோ, கிபிர்!” என்று வீரிட்டார். கோழிகளும் வீரிட்டன. அந்த நேரம் ஒருவருக்கு மிச்சக் காசு எண்ணிக்கொண்டிருந்த பாலன், தான் வானத்தைப் பார்க்கத் தவறிவிட்டோமே என்ற பதற்றத்தில் தகட்டில் இரண்டு தரம் ஓங்கி அடித்தார். அடி கேட்ட பழனியாண்டி, சட்டப்படி எதுவும் கேட்காமல், கிட்ட நின்ற மரத்தின் கீழே வண்டியை விட்டார். கிட்ட நின்றது அந்தப் பாலைமரம். அதன் அடியில் ஒரு கறையான் புற்று இருந்தது. புற்று பஸ்ஸைவிடப் பழையது, அசையவில்லை.

சனம் யன்னலாலும் கதவாலும் பாய்ந்து றோட்டோரக் கானுக்குள் குப்புறப் படுத்தது, காதில் விரலை வைத்துக்கொண்டு. காதில் விரலை வைத்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. எதுவும் கேட்காததால் இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டதென்று நினைத்தார்கள். பழனியாண்டி மட்டும் ஆசனத்தில் இருந்தபடி, உடைந்த றேடியேற்றர் சீறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது தகரம் இப்போது கண்ணாடிக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. ‘கிட்ட வந்து வாசிக்கவும்’ என்று எழுதியிருந்தது.

கொஞ்ச நேரத்தின் பின் கானுக்குள்ளிருந்து ஒரு குரல், “திரும்பிப் போட்டுது” என்றது. அதோடு விமானம் வந்தது உறுதியாயிற்று. வராத ஒன்று திரும்பிப் போகாது அல்லவா?

பொழுதுபடுவதற்குள் அது இரண்டு விமானங்களாகிவிட்டது. யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஒரு கோழிக்கு மட்டும் கால் போயிற்று. பழனியாண்டி எல்லாரையும் காப்பாற்றினார் என்று விசுவமடு பேசிக்கொண்டது. அவருடைய ஆசனத்துக்கு வந்த ஆபத்தும் அங்கேதான் தொடங்கியது. ஏனென்றால் தில்லைநாதன் உடையார்கட்டுத் தேத்தண்ணிக் கடையில் விசாரித்திருந்தார். அங்கே யாருக்கும் எந்த விமானமும் கேட்கவில்லை.

தில்லைநாதனுக்குப் பிரதாபன் என்று ஒரு மச்சான், தமக்கையின் புருசன். வேலை இல்லை, ஓட்டத் தெரியும், தமக்கை தினமும் நினைவூட்டிக்கொண்டிருந்தார். விமானம் வந்திருந்தால் பழனியாண்டியில் பிழையில்லை, ஆசனம் அவருக்கு. வராவிட்டால் ஆசனம் பிரதாபனுக்கு. இவ்வளவு தெளிவான ஒரு வழக்கு வன்னியில் நெடுங்காலமாக நடந்ததில்லை.

உடைந்த பஸ்ஸின் அருகில் வைத்து, “நேரை சொல்லு பழனி. பிளேன் வந்ததோ?” என்று தில்லைநாதன் கேட்டார்.

பின்னால் நின்ற பாலன் கண்ணால், கையால், முழு உடம்பால் ‘ஓம்’ என்று சொல்லச் சொல்லி மன்றாடினார்.

“எனக்குத் தெரியலீங்க முதலாளி. நான் பாக்கல.”

“அப்ப என்னத்தைப் பாத்தனீ?”

“சவர்க்காரத் தகரத்த.”

தில்லைநாதன் அவருடைய வாயை முகர்ந்து பார்த்தார். கசிப்பு மணக்கவில்லை. அது அவருடைய சந்தேகத்தைக் கூட்டியது. தப்புவதற்கு ஊரே ஒரு விமானத்தைக் கொண்டுவந்து தந்திருக்கும்போது, அதை வேண்டாமென்று சொல்கிற மனிதன் அதைவிட மோசமான எதையோ மறைக்கிறான். நித்திரையோ? கண் தெரியவில்லையோ? ஒரு சிரட்டைச் சவர்க்காரத்துக்காக ஒருத்தன் றேடியேற்றரை உடைப்பானா?

“றேடியேற்றர் ஒட்டி முடியமட்டும் வீட்டிலை நில். அதுக்குள்ளை யோசிச்சுச் சொல்லு” என்றார்.

வீட்டில் சுப்பம்மா யோசிக்க விடவில்லை.

“ஊரே ரெண்டு பிளேன் வந்திச்சுங்குது. உங்களுக்கு மட்டும் என்னங்க கேடு? வந்திச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்துபோகுமா?”

“வரல புள்ள.”

“ரொம்பக் கண்டீங்க. வானத்தப் பாக்கல, ரோட்டையும் பாக்கல. அப்ப எதத்தான் பாத்தீங்க?”

“தகரத்த. அந்த விமலேஸ்வரி எழுதினது.”

சுப்பம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார். “யாரு அது விமலேஸ்வரி?”

பழனியாண்டி வாழ்க்கையில் முதல் தடவையாக, தன்னைப் பற்றி ஒருவர் சந்தேகப்படும்போது எப்படி இருக்கும் என்று கண்டுகொண்டார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் சந்தேகப்படுவதை நிறுத்தினாரா என்றால், இல்லை. சுப்பம்மாவுக்கு இதை யார் ஊதிவிட்டது என்று யோசிக்கத் தொடங்கினார்.

தில்லைநாதன் விமலேஸ்வரியிடமும் போனார். அவர் சாம்பல் கையோடு வெளியே வந்தார்.

“அக்கா, ஒரு கேள்வி. உந்தத் தகரத்தை ஓடுற வாகனத்திலை இருந்து ஒருத்தன் வாசிக்கேலுமோ?”

“வாசிக்கேலாட்டி நான் ஏன் தம்பி மெனக்கெட்டு எழுதிறன்? பஸ்காரர், லொறிக்காரர் எல்லாரும் வாசிக்கினம்.”

“அப்ப என்ரை டிறைவரும் வாசிச்சுத்தான் புத்திலை அடிச்சிருக்கிறான்.”

விமலேஸ்வரி சாம்பல் கையை உதறினார். “சீச்சீ. ஓட்டத்திலை ஆர் தம்பி வாசிக்கிறது? அந்த எழுத்து ஒருத்தருக்கும் விளங்காது.”

“விளங்காட்டி ஏன் எழுதிறியள்?”

“ஏன், எழுதக்கூடாதோ?” என்றார் அவர். “உம்மடை பஸ்ஸிலையும் ‘விரைவுச் சேவை’ எண்டு எழுதியிருக்குத்தானே?”

அவரிடமிருந்து தில்லைநாதனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆனால் விமலேஸ்வரி மனச்சாட்சி உள்ளவர். அன்று பின்னேரமே தகரத்தைக் கழற்றிக் கொண்டுபோய்ப் புதிதாக எழுதி, அதே பாலைக் கொப்பின் கீழே அடித்தார்.

பஸ் கிடையில் கிடந்த நாட்களில் தில்லைநாதனின் உழவு இயந்திரம் பின்னால் கொளுவிய பெட்டியில் சனத்தை ஏற்றிப் போனது. ஒருநாள் அவரே ஓட்டினார். தகரக் கதை பொய்யென்று பழனியாண்டியின் முகத்துக்கு நேரே காட்டி, அன்றைக்கே விடயத்தை முடிப்பது அவருடைய எண்ணம். பழனியாண்டியைப் பெட்டியில் ஏறச் சொன்னார். மீனம்மா, மற்றக் கோழிகளோடு, ஏற்கெனவே ஏறியிருந்தார். பாலன் பெட்டியின் விளிம்பில் குந்தியிருந்து, இம்முறை வானத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்ற வைராக்கியத்தோடு வந்தார்.

“நானும் ஓட்டிக்காட்டிறன். றோட்டைப் பாக்கிறவனுக்குத் தகரம் தெரியாது” என்று தில்லைநாதன் ஏறும்போது சொன்னார்.

‘அழுக்குப் போகும்’ கடந்தது. அவர் பார்க்கவில்லை. ‘ஆனால்’ கடந்தது. பார்க்கவில்லை, ஆனால் அது ‘ஆனால்’ என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ‘போகாதது எது?’ வந்தபோது கழுத்து விறைப்பாகவே இருந்தது. வளைவு வந்தது. விமலேஸ்வரி புதிதாக எழுதியதை அவர் இன்னும் வாசித்திருக்கவில்லை. ஒரு மனிதன் எவ்வளவுதான் தாங்குவான்? தில்லைநாதன் தலையை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, வாயைத் திறந்து மேலே பார்த்தார். எழுத்து முன்னையதை விடச் சின்னது. ‘வாசித்தது போதும், றோட்டைப் பாருங்கோ’ என்பதை அவர் முழுதாக வாசித்து முடித்தார்.

நல்ல அறிவுரை என்று நினைத்து உடனே றோட்டைப் பார்த்தார். உழவு இயந்திரம் மெதுவான சாமான், நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. வளைவையும் திருத்தமாக எடுத்தார். தன்னில் திருப்திப்பட்டு, பழனியாண்டிக்கு ஒரு வார்த்தை சொல்லத் திரும்பினார்.

பெட்டியில், மூட்டைகளுக்கும் கூடைகளுக்கும் நடுவில், பழனியாண்டி ஒருவர்தான் இருந்தார்.

தில்லைநாதன் இயந்திரத்தை நிறுத்தினார். “சனம் எங்கை?”

“கானுக்குள்ளீங்க.”

“கானுக்குள்ளையோ? ஏன்?”

“நீங்க மேல பாத்தீங்க.”

“நான் தகரத்தையல்லோ…” என்று தொடங்கிய தில்லைநாதன் அங்கேயே நின்றுவிட்டார். இயந்திரம் நின்ற அமைதியில் வெகுதூரம் கேட்டது: ஒரு காகம், எங்கேயோ யாரோ விறகு கொத்தும் சத்தம். வானத்தில் ஒன்றும் இல்லை.

“நீ ஏன் குதிக்கேல்லை?”

“பிளேன் வரலீங்களே.”

“அப்ப அண்டைக்கும்…”

“அன்னைக்கும் வரல. நான் பாத்தது தகரத்தத்தான்னு அப்பவே சொன்னேன்.”

தில்லைநாதன் இறங்கிப் பெட்டிக்குக் கிட்ட வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இதை நீ முந்தியே அவையளோடை கதைச்சு ஒழுங்குபண்ணினனியோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பழனியாண்டி மதித்தார். அவராக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

பதில் சொல்ல அவசியம் ஏற்படவில்லை. வளைவைத் தாண்டி மீனம்மா, முழங்காலில் புழுதியோடு ஓடி வந்தார். பின்னால் மற்றவர்கள். எல்லாருக்கும் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு பாலன்.

“கண் தெரியாதோ தம்பி உமக்கு?” என்று மீனம்மா தில்லைநாதனைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டு கிபிர்! தலைக்கு மேலாலை! நீர் உம்மடை பாட்டுக்கு ஓடிப்போட்டீர். பழனித் தம்பியெண்டா மரத்துக்குக் கீழை விட்டிருக்கும். சனத்தின்ரை உயிரிலை அக்கறையுள்ள மனிசன் அது. உம்மை நம்பி இனி ஆர் ஏறுறது?”

“ஓம், ஓம்” என்றது சனம். ஒருவர் மூன்று என்றார்.

வானத்தைப் பார்க்கவென்றே வந்த பாலனிடம் தில்லைநாதன் திரும்பினார். “நீ பாத்தனியோ?”

“நீங்கள் பாத்ததைத்தான் அண்ணை பாத்தனான்.”

தில்லைநாதனுக்கு இப்போது இரண்டு வழிகள் இருந்தன. விமானம் வரவில்லை என்றால், முதலாளியும் தகரம் பார்த்துச் சனத்தைக் கானில் கொட்டியவர். விமானம் வந்தது என்றால், முதலாளி சனத்தை விட்டுவிட்டு ஓடியவர். இரண்டிலும் பழனியாண்டியை நிறுத்த இடமில்லை. பிரதாபனின் பெயரை அவர் அன்று மட்டுமல்ல, தமக்கை வந்து அழுதபோதும் எடுக்கவில்லை.

“றேடியேற்றர் வெள்ளிக்கிழமை வரும். நீயே எடு” என்றார். பிறகு, தான் இன்னும் முதலாளிதான் என்பதைக் காட்ட, “ஆனா ஒரு கொண்டிசன். தகரம் வாசிக்கிறது இனிப் பாலன்ரை வேலை. சத்தம் போட்டு வாசிக்கட்டும். நீ காதாலை கேள்” என்றார்.

“அப்ப வானத்தை ஆர் பாக்கிறது?” என்று பாலன் கேட்டார்.

“மீனம்மா பாக்கட்டும்” என்றார் தில்லைநாதன்.

பஸ் ஒட்டுப்போட்ட றேடியேற்றரோடு புறப்பட்ட முதல் நாள், சுப்பம்மாவும் ஏறினார். புதுக்குடியிருப்பில் ஒரு வேலையும் அவருக்கு இருக்கவில்லை. உடையார்கட்டில் இறங்கி, ஒரு ஆளைப் பார்க்க வேண்டுமாம். கம்பங்கள் வந்தன. பாலன் மிதிபலகையில் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைபோல உரத்து வாசித்தார். நாலாவது தகரத்தில் விமலேஸ்வரி மறுபடியும் கைவைத்திருந்தார்.

“‘இந்தச் சவர்க்காரம் ஒருவரையும் ஏமாற்றாது’ எண்டு போட்டிருக்கு, அண்ணை.”

பழனியாண்டியின் கண் றோட்டிலேயே இருந்தது.

“அப்படிப் போட்டிருக்காது” என்று சொல்லிவிட்டு, வளைவைத் திருப்பினார்.